மம்மி துணியில் எழுதியிருப்பதெல்லாம் மந்திரமா?

இல்லை. மந்திரம் எழுதிய துணிகளும் உண்டு, ஆனால் என் மனதை அதிகம் தொடுவது துணி மூலையில் மையால் போட்ட சின்னக் குறிகள்தான்.

எகிப்தில் உடலைச் சுற்றுவதற்கென்றே எல்லோரும் புதுத் துணி நெய்யவில்லை. வீட்டில் உடுத்தி, போர்த்தி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன லினனைத்தான் (ஆளி நாரில் நெய்த துணி) பெரும்பாலும் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுற்றினார்கள். அந்தத் துணிகளில் சொந்தக்காரர் பெயர், தரம், சிலசமயம் ஆண்டு என்று ஏற்கெனவே எழுதியிருக்கும், சலவைக் குறி மாதிரி. எகிப்தின் பழைய நகரமான தீப்ஸில் 1920இல் மம்மியாகக் கிடைத்த வாஹ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் மெகெத்ரே என்ற பெரிய அதிகாரியிடம் கிடங்கைக் கவனித்தவர். அரசர் இல்லை, இருந்தும் அவரைச் சுற்றியிருந்த துணி ஏறக்குறைய 375 சதுர மீட்டர்! அதில் சில விரிப்புகளில் அவர் பெயரே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவர் வீட்டில் மடித்து வைத்த துணி அது என்று நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

சரி, மந்திரம். கி.மு. 300 வாக்கில் 'இறந்தோர் நூல்' என்ற, இறந்தவரை மறுமையில் காக்கும் மந்திரத் தொகுப்பின் பகுதிகளைப் படத்தோடு லினன் பட்டைகளிலேயே எழுதினார்கள். கரியும் கோந்தும் கலந்த மை நெசவில் பரவும், இழை இழையாகத் தட்டும், அதில் இவ்வளவு நுணுக்கமாக எழுதியது பெரிய கைத்திறமை. அப்புறம் வந்தவர்கள் அதைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்கச் சிதறடித்துவிட்டார்கள், அதுதான் மனசு ஆறவில்லை. பெட்டோசிரிஸ் என்பவருடைய மம்மித் துணியின் ஒரு துண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலும் இன்னொன்று லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்தன, இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் என்று 2020இல்தான் படங்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

பழைய துணி எதுவானாலும் சுற்றலாம் என்பதற்கு குரோஷியாவின் ஜாக்ரெப் நகர அருங்காட்சியகத்தில் உள்ள மம்மியைவிடப் பெரிய சாட்சி இல்லை. மிஹாயிலோ பாரிச் என்ற குரோஷிய அதிகாரி 1848இல் அலெக்சாந்திரியாவில் வாங்கியது. அந்தப் பெண்ணைச் சுற்றிய பட்டைகளில் இருந்த எழுத்து எகிப்திய எழுத்தே இல்லை, இத்தாலியில் பழங்காலத்தில் பேசிய எட்ருஸ்கன் மொழி என்று எகிப்தியல் அறிஞர் யாக்கோப் கிரால் 1890களின் தொடக்கத்தில்தான் கண்டறிந்தார். துணியில் எழுதிய ஒரு புத்தகத்தையே யாரோ கிழித்துக் கட்டியிருக்கிறார்கள். சுமார் 1200 சொற்கள் படிக்க முடிகிறது, அந்த மொழியில் நமக்குக் கிடைத்ததிலேயே நீளமான எழுத்து அதுதான்.