சி டிரைவ் நிறைந்துவிட்டது என்கிறது. கூட்டிப் பார்த்தால் பாதிதான் வருகிறது

கேள்வி: எங்கள் டிடிபி கடையில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. கொஞ்ச நாளாகவே ரொம்ப மெதுவாக ஓடுகிறது. சி டிரைவ் சிவப்பாகி, ஒரு ஜிபிகூட மிச்சமில்லை என்கிறது. ஆனால் உள்ளே போய் எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து அளவு பார்த்தால் 58 ஜிபிதான். பழைய டிசைன்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றி 10 ஜிபி காலி செய்தேன். இரண்டே நாளில் மறுபடி சிவப்பு. வைரஸாக இருக்குமா? சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார்.

பதில்: ஃபார்மட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அடித்தால் இடம் கிடைக்கும்தான். ஆனால் இடத்தைத் தின்றது எது என்று தெரியாமலே போய்விடும். அது திரும்பவும் தின்னத் தொடங்கும்.

முதலில் கணக்கு. உங்கள் 120 ஜிபியை விண்டோஸ் 111 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆக, காணாமல் போனது சுமார் 50 ஜிபி. அது எங்கும் போகவில்லை, உங்கள் கண்ணில்தான் படவில்லை. ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து அளவு பார்க்கும்போது மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்கள் கூட்டலில் சேராது. உங்களுக்கு அனுமதியில்லாத ஃபோல்டர்களைப் பூஜ்ஜியம் என்றே எக்ஸ்ப்ளோரர் எடுத்துக்கொள்ளும்.

எனவே எதையும் அழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். பெரிய ஃபோல்டர் மேலே, சிறியது கீழே என்று வரிசைப்படுத்திக் காட்டிவிடும். விஸ்ட்ரீ இதைவிட வேகமானது. ஆனால் கடை உபயோகத்துக்கு என்றால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும்.

காலி செய்தது இரண்டு நாளில் நிரம்புகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான துப்பு. சும்மா கிடக்கும் பழைய ஃபைல்கள் இப்படிச் செய்யாது. ஏதோ ஒன்று இன்னமும் எழுதிக்கொண்டே இருக்கிறது. வைரஸைவிட எனக்குச் சந்தேகம் இரண்டு பேர் மேல்.

ஒன்று, விண்டோஸே எழுதும் பதிவேடு. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற ஃபோல்டரைத் திறங்கள். அப்டேட் நடப்பதை எல்லாம் விண்டோஸ் இங்கேதான் குறித்து வைக்கும். குறிப்பு பெரிதானதும் அதைச் சுருக்கி வைக்கப் பார்க்கும். அது 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் சுருக்கும் வேலை பாதியில் தோற்றுப்போகும். அரைகுறை ஃபைல் ஒன்று விண்டோஸுக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும். பிறகு மறுபடி முயலும், மறுபடி தோற்கும். டெம்ப் ஃபோல்டரில் ‘சி, ஏ, பி’ (cab) என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, ஒவ்வொன்றும் 100 எம்பி அளவில் வரிசையாக ஃபைல்கள் இருந்தால் ஆள் இவர்தான். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே தெரிந்த வியாதி இது. டெம்ப்பை மட்டும் காலி செய்தால் இறைக்க இறைக்க ஊறும் கிணறு மாதிரி திரும்ப நிரம்பும். பின்னணியில் ஓடும் வேலைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ என்பதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம் சிபிஎஸ் ஃபோல்டரில் உள்ள பெரிய பதிவேடுகளை அழியுங்கள். கடைசியில் டெம்ப்பில் கிடக்கும் அந்த ஃபைல்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

இரண்டாவது ஆள், டிடிபி கடை என்பதால் சொல்கிறேன், ஃபோட்டோஷாப். பேனர் அளவு ஃபைலைத் திறந்தால் ரேம் போதாமல் சி டிரைவில் பல ஜிபி தற்காலிக ஃபைலை எழுதிக்கொள்ளும். ஒழுங்காக மூடினால் அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனாலோ, தொங்கிப்போய் நீங்கள் வலுக்கட்டாயமாக மூடினாலோ, அது அப்படியே தங்கிவிடும். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே டெம்ப் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஃபோட்டோஷாப் பெயரில் தொடங்கும் பெரிய ஃபைல்கள் இருந்தால் தயங்காமல் அழிக்கலாம். இனி இது நடக்காமல் இருக்க, ஃபோட்டோஷாப் திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ராட்ச் டிஸ்க், அதாவது தற்காலிக ஃபைலை எழுதும் டிஸ்க், எது என்று கேட்கும். டி டிரைவ் இருந்தால் அதைக் கொடுங்கள். ‘ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்’ என்று ஃபோட்டோஷாப் அவ்வப்போது கத்தினால் அதற்கும் இதுவே மருந்து.

மற்றவை சில்லறை, ஆனாலும் சேர்த்தால் கணிசம். திறந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைக்கும் ஹைபர்னேட் வழக்கம் இல்லையென்றால் அதற்கென்று ரேமில் 40 சதவீதம் அளவுக்கு, உங்களிடம் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே, ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பெட்டியில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்று சேர்த்து எழுதி, இடைவெளி, சாய்கோடு, எச், இடைவெளி, ஆஃப் என்று ஆங்கிலத்தில் (powercfg /h off) கொடுத்தால் போய்விடும். பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் சேமித்து வைக்கும் ரெஸ்டோர் பாயின்ட்டுகள் இருக்கும் ஃபோல்டருக்குள் நீங்கள் நுழைய முடியாது; சிஸ்டம் ப்ரொடக்‌ஷன் பக்கத்தில் கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கேயே உச்ச அளவை 5 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

தொடக்கூடாத ஒன்று உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று மலைபோல் தெரியும். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொண்டிருப்பதால் உண்மை அளவைவிடப் பெரிதாகக் காட்டும். கையால் அழித்தால் விண்டோஸே எழாமல் போகலாம். டிஸ்க் க்ளீனப்பில் ‘க்ளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ கொடுத்தால் தேவையற்றதை மட்டும் அதுவே கழித்துவிடும். ‘ஒரே கிளிக்கில் வேகம்’ என்று விளம்பரம் வரும் க்ளீனர்கள் பக்கமே போகாதீர்கள்.

மெதுவாக ஓடுவதற்கும் பெரும்பாலும் இதே இடநெருக்கடிதான் காரணம். எஸ்எஸ்டி விளிம்புவரை நிறைந்தால், புதிதாக எழுதுவதற்கு முன் பழையதை இடம் மாற்றி ஒழித்துத் தர வேண்டியிருக்கும். எழுதும் வேகம் படுத்துவிடும். ரேம் நிரம்பும்போது விண்டோஸ் சாய்ந்துகொள்ளும் பேஜ் ஃபைலும் வளர இடமிருக்காது. உங்கள் அளவு டிரைவில் 15 முதல் 20 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு உதைத்தால், முக்கியமான டிசைன்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சி டிரைவின் ப்ராப்பர்டீஸில் டூல்ஸ், அதில் செக் என்பதை ஓட்டுங்கள். ஃபைல் கணக்குப் புத்தகமே பிசகியிருந்தால் அது சரிசெய்யும். இடமும் இருந்து மெதுவாகவே ஓடினால், டாஸ்க் மேனேஜரில் மெமரி, டிஸ்க் இரண்டில் எது 90க்கு மேலேயே நிற்கிறது என்று பாருங்கள். மெமரி என்றால் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள். டிஸ்க் என்றால் எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிய நேரமாக இருக்கலாம். மாற்றுவதாக இருந்தால் 480 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.