ராகியில் பான்கேக் போடலாம். மாவு மில்லில்தான் கவனம் வேண்டும்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சப்பாத்தி, பரோட்டா சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது, மறுநாள் பேதி. பால் குடித்தாலும் சில நாள் அப்படித்தான். ஆறு மாதமாக எடை ஏறவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு இரண்டு வாரமாகக் கோதுமையை நிறுத்திவிட்டேன். ஓசூரில் சித்தி வீட்டில் பான்கேக் பார்த்துவிட்டு வந்து அதையே கேட்கிறாள். ராகி மாவில் ஊற்றினால் திருப்பும்போது உடைந்துபோகிறது. என்ன செய்வது, டாக்டர்?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: பான்கேக்குக்கு வருகிறேன். அதற்கு முன், கோதுமையை நிறுத்தியதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சீலியாக் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்பக்கத்தைச் சேதப்படுத்திவிடும் நோய் அது. டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்த முடிவை நம்ப முடியும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனால், நோய் இருந்தும் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடலாம். இரண்டு வாரம்தானே ஆகிறது, இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். மறுபடி கோதுமை கொடுக்க வேண்டுமா, எத்தனை நாள் என்று அவர் சொல்வார். கோதுமை சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு எப்போதாவது வந்திருந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். அப்படியானால் வீட்டில் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

பாலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடலின் உள்பக்கம் சேதமானால் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். குடல் ஆறினால் பெரும்பாலும் பாலும் ஒத்துக்கொள்ளும். இப்போதைக்குப் பான்கேக்குக்குத் தேங்காய்ப்பால் போதும்.

இனி பான்கேக். மைதாவில் குளூட்டன் ரப்பர் மாதிரி இழுபட்டுக் காற்றைப் பிடித்து வைக்கும். ராகியில் அது கிடையாது, அதனால்தான் உடைகிறது. பிடிப்புக்கு வேறு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ராகி மாவு அரை கப், பச்சரிசி மாவு கால் கப், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று பிசைந்தது, முட்டை ஒன்று, பொடித்த வெல்லம் இரண்டு ஸ்பூன், உப்பும் ஆப்ப சோடாவும் ஒவ்வொரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு அரை ஸ்பூன். தேங்காய்ப்பால் விட்டு இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துப் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். ராகி தண்ணீரைக் குடிக்க நேரம் எடுக்கும். உடனே ஊற்றினால் மணல் மாதிரி இருக்கும். உள்ளங்கை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். தீயைக் குறைத்து மூடி போட்டு, மேலே ஓட்டை ஓட்டையாக வந்து ஓரம் உலர்ந்த பிறகு திருப்புங்கள். முட்டை வேண்டாம் என்றால் புளித்த இட்லி மாவு இரண்டு கரண்டி கலக்கலாம். உளுந்து அந்த வேலையைப் பார்க்கும். (நம் பாட்டிமார் இதைப் பார்த்தால் 'இனிப்பு அடைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்பார்கள்.)

ராகிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2023 முதல் ரேஷனிலேயே இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது. அதை எங்கே அரைக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால், கல்லில் ஒட்டியிருக்கும் அந்த மாவு உங்கள் ராகியில் வந்துவிடும். சப்பாத்தியையே தொடாத ஒரு சிறுவனுக்கு வயிற்றுவலி தீராமல் இருந்தது. அவன் அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டபோதுதான் மில் விஷயம் வெளியே வந்தது. சீலியாக் என்று உறுதியானால் ராகியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். மைதா சலித்த சல்லடை வேண்டாம், கண்ணியில் தங்கியதை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பல நேரம் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். அப்படியானால் அந்தச் சாம்பாரும் அவளுக்கு ஆகாது.

மருத்துவரிடம் போகும்போது, பள்ளியில் உயரம், எடை எழுதிய அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.