பால் பல்லில் வெள்ளைக் கோடு

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. இரவில் சர்க்கரை சேர்த்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவான். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடு தெரிகிறது. விழப்போகும் பற்கள்தானே என்கிறார் என் மாமியார். விட்டுவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: விட்டுவிடக் கூடாது. அந்தக் கோடு சொத்தையின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். இந்நிலையிலேயே கவனித்தால், பல்லைக் குடையாமல் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பல்லைச் சுற்றித் தேங்கும் பாலிலுள்ள இனிப்பைக் கிருமிகள் அமிலமாக மாற்ற, அந்த அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கரைக்கிறது; கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால்தான் மேற்பற்கள் முதலில் கெடுகின்றன.

சர்க்கரையை இன்றே நிறுத்துங்கள். புட்டியை ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடே விழித்திருக்க நேரும். ஆகவே, படுக்குமுன் தம்ளரில் பால் கொடுத்து, பல் துலக்கிவிட்டு, அதன்பின் புட்டி கேட்டு அழுதால் வெறும் தண்ணீர் மட்டும் அதில் தாருங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃபுளூரைடு உள்ள பற்பசையை அரிசிமணி அளவே தொட்டு, குழந்தையின் தலையை மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தபடி, காலையும் இரவும் நீங்களே துலக்கிவிடுங்கள். விளம்பரங்களில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது குழந்தைகளுக்கு ஆகாது. பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை நிற்க வேண்டியவை என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டி, பல்லின் மேல் பூசும் ஃபுளூரைடு வார்னிஷ் தேவையா என்று கேளுங்கள்.