டிவியை எங்கே ஒளிப்பது?

கேள்வி: எங்கள் ஹால் 14 அடிக்கு 11 அடி. புதிதாக 55 அங்குல டிவி வாங்கி மாட்டினோம். அணைத்துவிட்டால் வெள்ளைச் சுவரில் கரும்பலகை தொங்குவது போல இருக்கிறது. சுவர் முழுக்க பேனல் அடித்து, நடுவில் டிவியைப் பதித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. மாமியாரோ, தஞ்சாவூர் ஓவியத்தைப் பக்கத்திலேயே மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆசாரிக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லைதானே? கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டில் 29 அங்குல டப்பா டிவிக்கு அளவெடுத்துச் செய்த தேக்கு ஷோகேஸ் இன்னமும் இருக்கிறது. டிவி போய்ப் பல வருஷமாச்சு. அந்தப் பொந்தில் இப்போது கொலு பொம்மைப் பெட்டிகள். மரம் நிலைக்கும், டிவியின் அளவுதான் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கவலை புதிதும் அல்ல. சொலிடேர், டயனோரா பிராண்ட் டிவிகளின் காலத்தில் டிவிக்கே மர ஷட்டர் இருந்தது. படம் முடிந்ததும் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். இன்றைக்கு நான்கடி அகல டிவிக்குக் கதவு போடுவது வீண் வேலை. சுவரை மாற்றுங்கள், போதும்.

கறுப்பு உறுத்துவது பின்னால் வெள்ளை இருப்பதால்தான். அந்த ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சையோ அடர்சாம்பலோ அடியுங்கள். மேட் ஃபினிஷ் கேளுங்கள். பளபளப்பு பெயின்டில் ட்யூப்லைட் தெரியும். முதலில் சின்ன டப்பா வாங்கி, டிவியை ஒட்டி இரண்டடிச் சதுரத்துக்கு அடித்து, மாலையில் டிவியை அணைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். டிவியின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பித்தால் அதுதான் உங்கள் நிறம். அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: திரையில் எதிர் ஜன்னலின் கம்பிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை வேண்டும்.

அப்புறம் உயரம். பெரும்பாலான வீடுகளில் டிவி காலண்டர் மாட்டும் உயரத்தில் தொங்குகிறது. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. திரையின் நடுப்பகுதி அங்கே வரட்டும். உங்கள் டிவியின் உயரம் 27 அங்குலம் இருக்கும். ஆக, கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் அடிக்குச் சற்று மேலே வரும். அதன் கீழே ஒன்றரை அடி உயரத்தில், டிவியைவிட அகலமான ஒரு மேசை. அந்தரத்தில் தொங்கும் டிவிக்கு அப்போதுதான் ஒரு தரை கிடைக்கும்.

செட்டாப் பாக்ஸை அந்த மேசைக்குள் வைக்கலாம். ஆனால் மரக்கதவைத் தாண்டி ரிமோட் வேலை செய்யாது. பிரம்பு பின்னிய கதவு போடச் சொல்லுங்கள், சூடும் வெளியேறும். ஆசாரிக்கு இந்த வேலையைக் கொடுத்தால் அவருக்கும் மனக்குறை இருக்காது.

மாமியாரின் ஓவியம்? டிவி பக்கத்தில் வேண்டாம். எதிரேயும் வேண்டாம்; இரவில் சீரியல் ஓடும்போது கண்ணாடி மேல் நீலமும் சிவப்பும் மாறி மாறி விழும். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரைக் காட்டி, "அத்தை, இது இங்கே இருந்தால் வருகிறவர்கள் முதலில் இதைத்தானே பார்ப்பார்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: பெயின்டருக்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிவியை இறக்கினால் பழைய ஓட்டைகள் தெரியும். ஒயருக்கு பைப் பதிக்கச் சுவரையும் வெட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாகப் பட்டி பார்த்துவிடலாம்.