ஆறேழு வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்தால் ஒட்டுமா?

நாற்பதைத் தாண்டிவிட்டோம், கைக்குழந்தைக்காகக் காத்திருப்பதா, கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளலாமா, முதலில் வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமலே கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு) வைத்துப் பார்த்துவிட்டுத் தத்தெடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உங்கள் வயதே பாதி பதில் சொல்லிவிடும். 2022 கடைசியில் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் தளத்தில் பதிவு செய்தபோது எனக்கு 44, அவருக்கு 49. கூட்டினால் 93. தம்பதியின் வயதுக் கூட்டு 85-ஐத் தாண்டினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடைக்காது. 90-ஐத் தாண்டினால் நான்கு வயது வரை கிடைக்காது. 100 வரை என்றால் நாலிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை. எங்களுக்கு விதித்தது அதுதான். "வெவரம் தெரிஞ்ச புள்ளை ஒட்டாதுடி" என்றார் மாமியார். ஒரு சொந்தக்காரர், ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது, நேரடியாகவே வாங்கித் தருகிறேன் என்றுகூட வந்தார். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். சட்டத்துக்கு வெளியே குழந்தை வாங்கினால் உங்களுக்கும் ஜெயில்தான்.

தளத்தில் ஒரு நாள் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் வந்தன. ஆறு வயதுப் பெண். 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அவர் இரவெல்லாம் மருத்துவ அறிக்கையைப் படித்தார். நான் போட்டோவில் அவள் போட்டிருந்த பெரிய சைஸ் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தத்து ஆணை வருவதற்கு முன்பே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ப்ரீ அடாப்ஷன் ஃபாஸ்டர் கேர் என்று காகிதத்தில் இருக்கும். வந்த அன்றைக்கே என்னை "அம்மா" என்றாள். அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கீரைக்காரரையும் அம்மா என்றாள், மாடிவீட்டுக்காரரையும் அம்மா என்றாள். அவள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் சமைக்கிறவர் அம்மா, ராத்திரி படுக்க வைக்கிறவர் அம்மா, டூட்டி மாறினால் வேறு அம்மா. டீச்சர், நர்ஸ் என்பது மாதிரி ஒரு வார்த்தை அவளுக்கு.

அதோடு எல்லாவற்றுக்கும் ஒரு "ங்க". "தண்ணி குடிச்சுக்கட்டுமாங்க?" "லைட்ட அணைச்சிரட்டுமாங்க?" ஒரு நாள் துண்டும் வாளியுமாகக் குளியலறை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே யாருமில்லை. ஏன் நிற்கிறாய் என்றால், "எனக்கு முன்னாடி யாருங்க?" என்கிறாள். வந்த சனமெல்லாம் என்ன ஒழுங்கான பிள்ளை என்று மெச்சியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தத்து ஆணை முன்பு கோர்ட்டில் வாங்க வேண்டியது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். ஐந்து வயது நிரம்பிய பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும். "இவங்களோட இருக்க இஷ்டமா?" என்று கேட்டதற்கு, "இருக்கேங்க. பாட்டிக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் குடுக்கணுங்க" என்றாள். மாமியார் அதைத் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஆணை வந்த பிறகுதான் எல்லாம் தலைகீழானது. பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். சாப்பிட்ட தட்டை வீசினாள். பாட்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனை என்றாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. "என்னைக் கொண்டுபோய் விட்டுருங்க" என்று ஒரு வாரம் ஒரே அழுகை. தத்துக் கொடுத்த பிறகு இரண்டு வருஷத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்கள். அப்படி வந்த சமூகப் பணியாளரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இனிமே அனுப்ப மாட்டீங்கன்னு அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்திருக்கு. மீதிய சோதிச்சுப் பாக்குறா" என்றார். சில வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்களாம். பதிவு செய்வதற்கு முன் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த மாதங்களைப் பற்றித்தான். பணம், பள்ளி எல்லாம் அப்புறம்.

வளர்ப்புப் பராமரிப்பு வேறு வழி. அதில் வரும் பிள்ளை பெற்றவர்களிடமே திரும்பிப் போகவும் வாய்ப்புண்டு. பிள்ளைக்கு ஆறு வயது தாண்டியிருக்க வேண்டும். தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பிள்ளையாக இருந்தால், 2024-ல் வந்த புது வழிகாட்டுதல்படி இரண்டு வருஷம் வளர்த்தபின் அதே குடும்பம் தத்தெடுக்கலாம். முன்பு ஐந்து வருஷம். தனியாள்களும் வளர்க்கலாம். ஆனால் "பிடிக்கிறதா பார்ப்போம்" என்று அந்த வழியில் போகாதீர்கள். பிள்ளை என்ன துணிக்கடைச் சேலையா?

ஒட்டுமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல முடியும். வந்து எட்டு மாதம் இருக்கும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். சிக்கு. இழுத்துவிட்டேன் போல. வெடுக்கென்று தலையை உருவிக்கொண்டு, "போம்மா, நீ வலிக்க வலிக்க இழுக்குற!" என்றாள்.

நீ. அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கூடத்திலிருந்து மாமியார், "பெரியவங்கள நீ, வா, போங்குது. கொழுப்பப் பாரு" என்றார். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் ஒற்றைச் சடையோடுதான் பள்ளிக்குப் போனாள்.