அம்மா இறந்தபின் வெள்ளைத் தாளைக் கண்டாலே கை நின்றுவிடுகிறது. வரையத் தெரியாத எனக்கு ஓவியச் சிகிச்சை பலன் தருமா?

தரும், வரையத் தெரியாதது தடையே இல்லை. 2016இல் வெளியான அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், ஒட்டுப்படம் என விரும்பியதைச் செய்தார்கள். சுமார் 75 சதவீதத்தினருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்பழக்கம் இல்லாதவர்களுக்கும்தான்.

வெள்ளைத் தாளைக் கண்டாலே கை நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அம்மாவின் முகத்தையே வரைய முயல்கிறீர்களோ? அச்சு அசலாக வர வேண்டும் என்ற தவிப்புதான் பெரும்பாலும் கையைக் கட்டிப்போடும்.

இன்று தாளை விடுங்கள். ஒரு பிடி களிமண்ணைக் கண்ணை மூடிப் பிசைந்து பாருங்கள். விரல்கள் தயங்காமல் ஓடினால், சிக்கல் தாளோடுதான். உருவம் வராவிட்டால் போகட்டும். அழுகை வந்தால் அடக்காதீர்கள், பாவம், எத்தனை நாளாகத் தேக்கி வைத்திருக்கிறீர்களோ!

ஆனால் இது சிகிச்சையாளருக்கு ஈடாகாது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.