புது டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறேன். தனுஷ்கோடியில் படங்கள் நன்றாக வர எந்த லென்ஸ் வாங்கலாம்?

கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் உங்களிடம் இருக்கும், அது போதாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதுவே போதும். என்னிடமும் அதுதான் இருந்தது. என் படங்கள் கெட்டதற்கு லென்ஸ் காரணமில்லை.

எங்களுக்கு மண்டபம் பக்கம். அப்பா கடனை உடனை வாங்கிப் புது வள்ளம் இறக்கிய நாள். மாலை போட்ட வள்ளத்தின் முன்னால் அப்பா, சுற்றிலும் வெள்ளை மணல், உச்சி வெயில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவை, எல்லாவற்றையும் அதுவே முடிவுசெய்யும் ஆட்டோ மோடில் வைத்து நாற்பது படம் எடுத்தேன். திரையில் எல்லாமே இருட்டாகத் தெரிந்தது. வெயிலில் திரை அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணல் சிமெண்ட் நிறம், அப்பா கரிக்கட்டை. "இதுல நான் எங்கடா நிக்கிறேன்?" என்று நிஜமாகவே கேட்டார். இன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது மச்சான் போனில் எடுத்த படம்.

விஷயம் இதுதான். எதிரில் இருப்பது வெள்ளை மணல் என்று கேமராவுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் வரவேண்டும் என்றுதான் அது கணக்குப் போடும். மணல் பளீரென்று இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். ஆட்டோவை விட்டு, வெளிச்சத்தை நாமும் கூட்டிக் குறைக்க விடும் 'பி' அல்லது 'ஏ' மோடுக்கு வாருங்கள். பிளஸ்-மைனஸ் பொத்தானை அழுத்திப் பிளஸ் 1 வையுங்கள், படம் வெளிச்சமாகும். திரையில் தெரியும் படத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராம் பாருங்கள், படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. ஏழெட்டு அடிக்குள் ஆள் நின்றால் பகலிலும் ஃபிளாஷ் போடுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பாக எடுத்திருந்தால் வீட்டில் சரிசெய்திருக்கலாமே என்று ஒருவர் வருவார். உண்மைதான். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. மச்சானின் போன் நாலைந்து படத்தைச் சேர்த்துத் தானாகவே சரிசெய்துகொள்ளும், அது அவன் திறமை இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இன்னொன்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. போன வருடம் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்த என் சித்தியை, ஃப்ரேமில் வருகிறார் என்று ஒதுங்கச் சொன்னார்கள் இரண்டு பேர். அந்தப் படத்துக்கு என்ன தலைப்புப் போட்டிருப்பார்கள்? 'மனிதர்களே இல்லாத பேய் நகரம்', வேறென்ன!

சரி, கேமராவுக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் வந்தால் மணலும் உப்புத் தூவலும் லென்ஸில் ஒட்டும். முதலில் புளோயரால், அதாவது காற்றடிக்கும் ரப்பர் குமிழால், ஊதிவிட்டு அப்புறம் துணியைத் தொடுங்கள். நான் கைலி நுனியால் துடைத்தேன். கோடு இன்னும் இருக்கிறது.